என் விசிலும் மார்னியின் முழங்கையும்

14 அக்டோபர் 2006

இன்று உலக வரலாற்றில் இரண்டு பெரும் சம்பவங்கள். ஒன்று, என் கடைவாய்ப் பல் விழுந்தது. இரண்டு, பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் அக்கா மகள் மார்னி, விழுந்த பல்லுக்கு வருத்தம்கூடச் சொல்லாமல், "மாமா, பொம்பளைங்க இருபத்தெட்டு பேர் சேர்ந்து ரோலர் டெர்பி சங்கம் ஆரம்பிச்சுட்டோம். நீதான் நடுவர்" என்றாள்.

"எனக்கு விதி தெரியாதே?"

"எங்களுக்கும்தான்."

19 அக்டோபர்

விதி படித்தேன். சக்கரக் காலணியில் ஆடும் ஆட்டம். அணிக்கு ஒருத்தி தலைக்கவசத்தில் நட்சத்திரம் போட்டிருப்பாள்; அவள் எதிரணிப் பெண்களைச் சுற்றிச் சுற்றித் தாண்ட வேண்டும். தலைக்கு ஒரு புள்ளி. மற்றவர்கள் இடுப்பால் இடிக்கலாம், தோளால் இடிக்கலாம். முழங்கை மட்டும் கூடாது. போட்டால் ஒரு நிமிடம் தண்டனை நாற்காலி. எங்கள் அக்கா வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தேதான். நாற்காலி மட்டும் புதுசு.

2 நவம்பர்

முதல் பயிற்சி. மூன்று வயதில் உறைந்த ஏரியில் சறுக்கத் தொடங்கியவன் நான். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஆகவே மாமன்னர் டாய்வோ, அதாவது அடியேன், மரத்தரையில் மின்னலாகப் போனார். நிற்பதற்காக, பனியில் செய்வதுபோல் இரண்டு காலையும் குறுக்கே திருப்பினார். சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை. பாப்கார்ன் கடைவரை பறந்தேன். அந்தச் சத்தம் கனடா வரை கேட்டிருக்கும். என் பின்னால் இதே தவறைச் செய்து ஒன்பது பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

தலைவி டெல்ஃபின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். "பெருசு, குதிகால் தூக்கி முன்னாடி ரப்பரை அழுத்தணும்யா! சக்கரத்துலயும் பனியிலயுமா பிரேக் ஒண்ணு?" என்று என் மேலேயே உட்கார்ந்தபடி கத்தினாள்.

17 மார்ச் 2007

முதல் வெளியூர் அணி வந்தது. ஜெயித்தோம். மார்னி பதினான்கு முழங்கை போட்டாள். அவள் கையைத் தூக்கும்போதெல்லாம் என் கண்ணில் தூசி விழுந்தது. மற்ற நடுவர்களுக்கும் அப்படித்தான்: ஒருவன் டெல்ஃபினின் புருஷன் ரோல்ஃப், இன்னொருவன் கோல் எடுப்பவளின்... அட, இதில் கோல் இல்லை. எவளோ ஒருத்தியின் தம்பி.

5 ஆகஸ்ட்

நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. நாங்கள் உலகச் சாம்பியன்கள் என்று நானே அறிவித்துவிட்டேன். மறுப்பு வரவில்லை.

11 பிப்ரவரி 2008

ஆறு மாதமாக ஒரு அணியும் வரவில்லை. டெல்ஃபின் பதினொரு ஊருக்கு எழுதினாள். ஃபோர்ட் ஆல்டன் தலைவி மட்டும் பதில் போட்டிருக்கிறாள்: "உங்க ஊர்ல விசில் எல்லாம் வீட்டு ஆம்பளைங்க வாயில இருக்கு. அங்க வந்து இடி வாங்குறதுக்கு நாங்க வீட்லயே மாடிப்படியில உருண்டுக்கறோம்."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

3 செப்டம்பர்

இருபத்தெட்டு பேர் பன்னிரண்டாகிவிட்டார்கள். எங்களுக்குள்ளேயே எத்தனை நாள் இடித்துக்கொள்வது? அரங்கின் சொந்தக்காரி சொல்லிவிட்டாள்: வரும் வசந்தத்துக்குள் வெளியூர் அணிகள் வராவிட்டால் எங்கள் சனிக்கிழமையைக் குழந்தைகளின் பிறந்தநாள் விழாக்களுக்குக் கொடுத்துவிடுவாளாம். மார்னி தட்டிலிருந்த ஹாட்டிஷ் என்ற உருளைக்கிழங்கு, இறைச்சிக் கலவையைக் கிளறிக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. நான் ஒரு ஜோக் சொன்னேன். அதையும் கிளறினாள்.

20 அக்டோபர்

டெல்ஃபின் கெஞ்சி, ஃபோர்ட் ஆல்டன் சம்மதம். ஒரே ஒரு தடவை.

8 நவம்பர்

எப்படி எழுதுவது.

கடைசிச் சுற்று. ஒரு புள்ளி பின்னால் இருக்கிறோம். நட்சத்திரம் மார்னி தலையில். இரண்டு பேரைத் தாண்டினால் வெற்றி. முதலாமவளைத் தாண்டினாள் — சமன். கூரை பிய்ந்து ஏரியில் விழுகிற மாதிரிக் கூச்சல். இரண்டாமவள் வழிவிடவில்லை. மார்னியின் முழங்கை அவள் விலாவில் — எனக்கு மூன்றடி தூரத்தில்.

தூசி விழக் காத்திருந்தேன். விழவில்லை. பாழாய்ப் போன கண் பளிச்சென்று தெரிந்தது.

ஊதினேன்.

மார்னி நின்று என்னைப் பார்த்தாள். "மாமா?" என்றாள், அவ்வளவுதான். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரணியின் நட்சத்திரக்காரி நடந்தே போயிருக்கலாம்; நான்கு புள்ளி எடுத்தாள். தோற்றோம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் சேர்ந்து பீர் குடிப்பது வழக்கம். ரோல்ஃப் என் காதருகே வந்து, "ரத்த பந்தம்னு ஒண்ணு கிடையாதாடா உனக்கு? அதுவும் உன் பல்லு மாதிரி விழுந்துடுச்சா?" என்றான். நான் கடுகுச் சாஸ் பாட்டிலோடு பேசிக்கொண்டிருந்தேன். அது நல்ல மாதிரி.

9 நவம்பர்

மார்னி போனை எடுக்கவில்லை.

16 நவம்பர்

எடுக்கவில்லை. நான் செஞ்சது தப்பா? பதினாலு தடவை ஊதாதவன் பதினஞ்சாவதுக்கு ஏன்டா ஊதுன, கிழவா?

27 நவம்பர்

நன்றி நவிலும் நாள். அக்கா என்னை மேசையின் இந்தக் கோடியிலும் மார்னியை அந்தக் கோடியிலும் உட்கார வைத்தாள். நடுவில் வான்கோழி. உருளைக்கிழங்கை அதன் மூலமாகத்தான் கேட்டுக்கொண்டோம்.

12 டிசம்பர்

டெல்ஃபின் வந்தாள், பேருந்தோடு. உள்ளே குழந்தைகள் இருந்தார்கள். ஜன்னல் வழியாக ஒரு தாளை நீட்டினாள். ஃபோர்ட் ஆல்டன் மார்ச்சில் மறுபடி வருகிறதாம். அவர்கள் சொல்லி இன்னும் மூன்று ஊர்கள். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: "நிக்கத் தெரியாத அந்த வழுக்கைத் தலை நடுவர் கண்டிப்பா இருக்கணும்."

"அரங்கு?" என்றேன்.

"சனிக்கிழமை நமக்குத்தான். பொறந்தநாளெல்லாம் ஞாயித்துக்கிழமை பொறக்கட்டும்" என்று ஹாரனை அடித்துவிட்டுப் போனாள்.

10 ஜனவரி 2009

பயிற்சிக்கு இருபத்தோரு பேர். மார்னியை இன்று மூன்று முறை நாற்காலிக்கு அனுப்பினேன். மூன்றாவது முறை எழுந்து வந்தவள் நேராக என் முன்னால் மண்டியிட்டு, அவிழ்ந்து கிடந்த என் ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். நான் குனிந்தால் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

முடிச்சு மட்டும் கொஞ்சம் இறுக்கம். கால் விரல்கள் இன்னும் மரத்துக் கிடக்கின்றன.