கட்டிக்குத் தீனி

அண்ணி, மேசை மேல் ஒரு மாத்திரை அட்டை கிடக்கிறது. காலையிலிருந்து அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நேற்று அதைக் கொடுக்கும்போது டாக்டர் சொன்ன ஒரு சொல் என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

எனக்கும் மார்பில் கட்டி, அண்ணி. அறுத்து எடுத்துவிட்டார்கள். "மிச்சம் மீதி இருந்தா, அது பொம்பள ஹார்மோனத் தின்னுதான்மா வளரும். இந்த மாத்திரை அந்தத் தீனியத் தடுக்கும்," என்றாள் அந்தப் பெண் டாக்டர். "மாதவிலக்கு நின்ன பிறகும் ஒடம்புக் கொழுப்புலருந்து அது ஊறும். எடையக் குறைங்க. பட்டினி மட்டும் கெடந்துடாதீங்க."

தீனி என்றதும் நீங்கள் வந்து நின்றுவிட்டீர்கள்.

ஜப்பான்காரன் காலம். அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மலாக்காவில், காஜா பெராங் தெருப் பலகை வீட்டில் நீங்களும் நானும்தான். எனக்குப் பதினைந்து வயது, ஓயாத பசி. நீங்கள் ஊருக்கு வெளியே செமாபோக் கிழங்குக் கொல்லையில் நாளெல்லாம் மண்ணைக் கொத்திவிட்டு, கூலியாகக் கிடைத்த மரவள்ளிக்கிழங்கோடு வருவீர்கள். அவித்து, பெரிய துண்டுகளை என் தட்டில் தள்ளுவீர்கள். ஏன் என்று கேட்டால் ரவிக்கை மேல் கையை வைத்துக் காட்டுவீர்கள்.

"நான் தின்னா இந்தக் கட்டியும் சேந்து திங்கும், புள்ள. வயித்தக் கொஞ்சம் காயப் போடுறேன். நீ தின்னு."

பக்கத்து வீட்டு மலாக்கா செட்டிப் பெண்மணி, நாம் பீபி என்று கூப்பிடுவோமே, அவருக்குத் தமிழ் வராது. ஒருநாள் முட்டை ஒன்றை அவித்துக் கொண்டுவந்து, "மாக்கான், மாக்கான்" என்று, சாப்பிடச் சொல்லி மலாயில், உங்கள் வாயருகே நீட்டினார். சிரித்துக்கொண்டே வாங்கினீர்கள். அவர் தலை மறைந்ததும் முட்டை என் வாய்க்குள். என்ன நெஞ்சழுத்தம் உங்களுக்கு!

நம் இருவருக்குமே அப்போது மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. உங்கள் கட்டியும் வளரவில்லை. "பாத்தியா, நான் சொன்னனா இல்லியா?" என்று பெருமையாகக் கேட்பீர்கள். நானும் நம்பினேன்.

நேற்று டாக்டரிடம் இதைச் சொன்னேன். பட்டினியில் மாதவிலக்கு நின்றால் அந்த ஹார்மோனும் குறையுமாம். அதனால் கட்டி கொஞ்ச காலம் அடங்கிக் கிடந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். "ஆனா பட்டினி வைத்தியமில்லம்மா. ஒடம்புதான் மொதல்ல போகும்."

அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருந்ததா? யார் சொன்னார்கள்? வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். "என்னத்தத் தேடுறீங்க, அத்தே?" என்கிறாள் மருமகள். என்னவென்று சொல்வேன்?

நடந்துகொண்டிருக்கும்போதுதான் அந்தப் பகல் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, முதன்முதலாகப் பானை நிறைய நல்ல அரிசி வடித்தீர்கள். எனக்குப் போட்டுக்கொண்டே இருந்தீர்கள். போதும் போதும் என்று நான் கையால் மறித்த பிறகும் பானையில் சோறு இருந்தது. அதன் பிறகுதான் உட்கார்ந்தீர்கள். தலை நிமிராமல், விரலில் ஒட்டியதைக்கூட விடாமல் சாப்பிட்டீர்கள். கட்டியைப் பற்றி ஒரு பேச்சில்லை.

பொய்க்காரி! கட்டிக்குத் தீனி போடப் பயந்தவரா அப்படிச் சாப்பிடுவார்? எனக்குப் போதாமல் போய்விடுமோ என்பதுதான் உங்கள் பயம். அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

அதற்கப்புறம் உங்கள் கன்னம் பூரித்தது. மாதவிலக்கு திரும்பியது. கட்டியும் வளர்ந்தது. அண்ணன் வரவே இல்லை. அடுத்த தீபாவளிக்கு நீங்களும் இல்லை. எனக்காகச் சொன்ன பொய் உங்களிடமே பலித்துவிட்டதோ என்று நெஞ்சு எரிகிறது, அண்ணி.

வளர வேண்டிய வயதில் இந்த உடம்பு உங்கள் பங்கைத் தின்றுதான் வளர்ந்தது. பாதி உங்களுடையது. அதைச் சும்மா விட்டுவிட எனக்கு உரிமை இல்லை. இதோ, மாத்திரை அட்டையைப் பிரிக்கிறேன், அண்ணி.