சின்ன அரிசிப் பை

சான் ரமோன். அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

ஜெர்மனி, ஸ்பெயின், போலந்து மூன்றிலும் குடும்பங்களில் எண்ணெய், சோப்பு, அரிசி எல்லாம் எப்படி வாங்குகிறார்கள் என்று ஒப்பிடுவதுதான் இப்போது என் ப்ராஜெக்ட். காலை மீட்டிங்கில் பெரிய அறிவாளி மாதிரி பேசினேன். விலை ஏறினால் ஜனங்கள் மலிவான பிராண்டுக்குப் போவார்கள், ஆனால் அதே பிராண்டில் சின்ன பாக்கெட் எடுத்தால் அது சிக்கனம் இல்லை, அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள்தான் அப்படி வாங்குவார்கள் என்றேன். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டாள்.

சாயங்காலம் செந்தில் மளிகை வாங்கி வந்தான். கல்யாணமாகி அவனோடு இங்கே வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது பவுண்டு பொன்னி மூட்டைதான். இன்று அதே பொன்னியில் ஒரு சின்னப் பை.

"மூட்டை என்னாச்சு?"

"ஸ்டாக் இல்லம்மா" என்றான், ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே.

மத்தியானம் கறிவேப்பிலை வாங்க நானும் நாங்கள் வழக்கமாக மளிகை வாங்கும் அதே கடைக்குப் போயிருந்தேன். வாசலிலேயே பொன்னி மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவன் கம்பெனியில் லேஆஃப் என்று பேச்சு. கேட்டால் "என் டீம் சேஃப்" என்பான். என் வேலையும் அவன் விசாவை நம்பித்தான். ஒருவேளை ஏற்கெனவே... வேண்டாம், எழுத வேண்டாம்.

கேட்டுவிடலாம் என்று ரூமுக்குப் போனேன். நாளைக்கு ஆபீஸ் போக சட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். பல் தேய்க்கப் போய்விட்டேன்.

பாத்ரூமில் புது டூத்பேஸ்ட். பிளேனில் கையோடு கொண்டுபோகிற அளவு.