கதவுக்கும் அதே கலர்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். அப்பாவைப் பற்றித்தான் எழுத வேண்டும், போனில் பேசினால் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு வர்ணம் அடித்து முடித்தாயிற்று. நீ படத்தோடு அனுப்பிய பழுப்புக் கலர்தான். நீ சொன்ன பெயர் என் வாயில் நுழையவில்லை, பெயின்டர் அதைக் காப்பிக் கலர் என்கிறார், மாடி வீட்டுக்காரி சாக்குக் கலர் என்று சொல்லிவிட்டுப் போனாள், அவள் வாய்க்கு அது குறைச்சல்தான். ஆனால் குறை சொல்லக் கூடாது, சாயங்கால வெயில் விழும்போது கூடமே கதகதப்பாக, பார்க்கப் பாந்தமாக இருக்கிறது. சாமான்களை இழுத்துப் போட்டதில் என் இடுப்புதான் ஒடிந்துவிட்டது. உன் படத்தில் சுவர், கதவு, நிலை எல்லாம் ஒரே கலராக இருந்ததா, பெயின்டர் "கதவையும் சேத்து அடிச்சிடட்டுமாம்மா" என்று கேட்டபோது யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். மனுஷர் சுவிட்சுப் பெட்டியைக்கூட விடவில்லை. ரெண்டு நாள் நானே சுவரைத் தடவித் தடவித்தான் விளக்குப் போட்டேன்.

அதனால் அப்பா குளியலறைக் கதவு என்று நினைத்துச் சுவரில் முட்டிக்கொண்டபோது சிரித்துவிட்டேன். "புது வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி முழிக்கிறீங்களே" என்று கேலி வேறு. அவரும் சிரித்து வைத்தார். எனக்குப் பழகிவிட்டது, அவருக்கு மட்டும் பழகவே இல்லை. போன வாரம் பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்க, படுக்கையறை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு கையாலும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நிற்பதுகூடத் தெரியவில்லை.

பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். ஒரு வருஷமாகவே பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி மங்கிக்கொண்டு வருகிறதாம், "உன்னை எதுக்குப் பயமுறுத்தணும்" என்று இருந்துவிட்டாராம். இத்தனை நாளும் வெள்ளைச் சுவரில் நீலக் கதவுகளை அடையாளம் வைத்து நடந்திருக்கிறார், அதை நானும் பெயின்டருமாக அழித்துவிட்டோம். டாக்டரிடம் காட்டினேன். கண்ணில் அழுத்தம், போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அன்றைக்கு உன்னிடம் போனில் "கலர் பிரமாதம்மா" என்றாரே, அது உனக்காகச் சொன்னது. "அவகிட்ட சொல்லிடாதே, ஆசையா தேர்ந்தெடுத்தா, மனசு விட்டுப்போயிடும்" என்று சத்தியம் வாங்காத குறை. மூடி மறைக்க எனக்குத் தெம்பில்லை சின்னு, களைத்துப்போய்விட்டேன்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அழாதே. இந்தக் கலர் காட்டிக்கொடுக்காவிட்டால் இன்னும் எத்தனை நாள் மறைத்திருப்பாரோ. சுவர் அப்படியே இருக்கட்டும், கதவுகளுக்கு மட்டும் பழைய நீலத்தையே அடிக்க நாளைக்குப் பெயின்டர் வருகிறார். அடுத்த வருஷம் வருகிறேன் என்றாயே, அதைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. இருவரும் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல், வரும்போது பளிச்சென்று சிவப்பாக ஏதாவது உடுத்திக்கொண்டு வா. வாசலில் நிற்பது நீதான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மா