ஏரியில் படகு இறங்காத மூன்று நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டு வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இங்கே ஏரியில் சுற்றுலாப் படகுகளுக்கு என்னைத் தலைமைப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். நம் மாவோரி மக்களில் நான்தான் முதல் ஆள்.

முதல் வாரமே ஒரு பயணி ஏரியில் மூழ்கிவிட்டார். உடல் கிடைக்கும்வரை யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாதென்று இந்த ஏரியின் மாவோரிப் பெரியவர்கள் ராஹுயி தடை விதித்தார்கள். முதலாளி கிரெய்க் என்னிடம் வந்தார்.

"போனது உங்க ஆளு இல்லையே, ஹுஹானா. இது சட்டமும் இல்ல. படகை எடு."

"அடியில ஒருத்தர் கிடக்கிறார். அவர் தலைக்கு மேல பயணிகளுக்கு ஏரியைச் சுத்திக் காட்ட மாட்டேன்," என்றேன். சாவிகளைக் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. இறந்தவரின் தாய் வந்து, "என் பிள்ளை மேல ஒரு படகும் போகலையாமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் கிரெய்க் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். என் வேலை போகவில்லை, கவலைப்படாதீர்கள்.

காயவைத்த சுறா கொஞ்சம் அனுப்புங்கள். உங்கள் பழைய கம்பளிச் சட்டையும் வேண்டும். துவைக்க வேண்டாம்.

தபால் வண்டி வந்துவிட்டது. கடலில் மூழ்கிய என் தம்பியின் உடலைத் தேடிய ஏழு நாளும் நீங்கள் மீன் பிடிக்கப் போகாமல் நம் படகைக் கரையில் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அப்பா.

உங்கள் ஹுஹானா