தண்ணீருக்குக் கட்டுப்பாடு

செவ்வாய், ஏப். 8
காலையிலேயே கொதிக்கும் வெயில். திருநகரில் ஒரு இலை அசையவில்லை. அவருக்கு இன்று டயாலிசிஸ். எனக்குப் பள்ளியில் அரை நாள் லீவு.
தண்ணீர், காப்பி, ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பேன். மதியத்துக்குள் காலி.
"இன்னும் ஒரு மடக்கு குடு ரோசு."
"கட்டுப்பாடு இருக்குல்லங்க."
இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துவிட்டது. குடிகாரனைத் திட்டுவதுபோல, பச்சைத் தண்ணீருக்கு.

புதன், ஏப். 9
ஏழாம் வகுப்பு. வாக்கியத்தில் அமைக்க: கட்டுப்பாடு.
'எங்கள் அக்காவுக்குக் கட்டுப்பாடு அதிகம், போன் கிடையாது.'
'கட்டுப்பாடாக வாழ்ந்தால் நீண்ட நாள் வாழலாம்.'
இரண்டாவதைப் பார்த்ததும் எரிச்சல். பிள்ளை என்ன செய்யும்? சரி போட்டேன்.
மாலை, வாடிப்பட்டியிலிருந்து மதினி, அவருடைய அக்கா. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வர முடியுமா? ஒரு குலை இளநீர். நான் வீடு திரும்புவதற்குள் இரண்டை வெட்டிக் கொடுத்துவிட்டார். கிட்னி போனவருக்கு அது விஷம்.
கத்திவிட்டேன்.
"உடம்புக்குக் குளுமைன்னுதானத்தா குடுத்தேன்." மதினி அழுகை.
அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு" என்றார்.

வியாழன்
விடியுமுன் மூச்சுத்திணறல். ஆட்டோ, ஆஸ்பத்திரி. மெஷினில் போட்டதும் பிரஷர் இறங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஜெபமாலை எடுத்தேன். மனசு ஒட்டவில்லை.

வெள்ளி
டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.
"இளநீராலயா சார்?"
"அது மட்டும் இல்லம்மா. ஹார்ட் எப்பவோ தளந்துருச்சு. இனிமே மெஷின் தாங்க மாட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. தண்ணிக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம். கேட்டதக் குடுங்க."
எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். இப்படியா வர வேண்டும்?
மதினியிடம் கடைசி வரியை மட்டும் சொன்னேன். மற்றதற்கு வாய் வரவில்லை. மதினி அவர் கட்டிலுக்கு ஓடினார்.
"தம்பி, கட்டுப்பாட எடுத்துட்டாகடா. இனி எம்புட்டு வேணும்னாலும் குடிக்கலாம்."
அவர் என்னைப் பார்த்தார். "அப்படியா ரோசு?"
"ஆமாங்க."
பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு நீட்டினார்.
"மிச்சத்த வையி. சாயங்காலத்துக்கு வேணும்ல."
மூடி வைத்தேன்.