பின் சீட்டின் நீளம்

பத்தாம் நம்பர் லயம்,
கீழ் டிவிசன்,
மஸ்கெலியா.
14.09.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோஜினி எழுதுகிறேன். அப்பாவும் நானும் இருக்கிறோம். கத்தாரில் வெயில் இன்னும் தணியவில்லை என்று செய்தியில் பார்த்தேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் வாட்ஸ்அப்பில் முகம் காட்டுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் "ம்" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று நீங்களே கேலி செய்வீர்களே. எழுதினால்தான் எனக்கு முழு வாக்கியம் வரும். ஒன்பதாம் நம்பர் லயத்து கிஷாந்த் உங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வருகிறான், இருபத்தோராம் தேதி பயணம். இதை ஒட்டி அவன் கையில் கொடுக்கிறேன். அறையில் மற்றவர்கள் இல்லாத நேரத்தில் பிரியுங்கள். மாதக் கடைசியில் அந்த மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் பிரியுங்கள்.

இங்கே மூன்று வாரமாக மழை. லயத்தில் நம் வீட்டு அடுப்படிப் பக்கம் தகரம் ஒழுகுகிறது, நீங்கள் அனுப்பிய தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருக்கிறோம். தேயிலைக் கொழுந்து குறைவு என்று பாதிப் பேருக்கு அரைநாள் பெயர்தான் போடுகிறார்கள், சம்பளமும் பாதிதான் என்று பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்கா சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆறாம் வகுப்பு தந்திருக்கிறார்கள். பின்வரிசைப் பிள்ளைகளுக்கு என் குரல் கேட்பதில்லை என்று பள்ளி அதிபர் குறைப்பட்டார். பல்கலைக்கழகத்திலும் இதே குறைதான்.

அப்பாவுக்கு மூச்சு வாங்குவது கூடியிருக்கிறது. வாசலிலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலி வரை போக இரண்டு இடத்தில் நிற்கிறார். உங்கள் அழைப்பு வந்தால் மட்டும் உட்கார்ந்து, மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுகிறார். பேச்சை அவர் சட்டென்று முடிப்பது அதனால்தான், கோபத்தால் இல்லை. இருதயம் களைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாள் தாங்கும் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இனி வண்டி விஷயம்.

நீங்கள் சொன்னபடி போன சனிக்கிழமை ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். என்னோடு படிப்பிக்கும் கிருஷாந்தி துணைக்கு வந்தாள். நீங்கள் படம் அனுப்பிய அதே வண்டி ஷோரூமில் நிற்கிறது. அந்தப் பெயரில் செய்வதை நிறுத்திப் பல வருடம் கழித்து, பழைய பெட்டி உருவத்திலேயே மறுபடி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். இறக்குமதித் தடை நீங்கியதும் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். சதுர மூக்கு, வட்ட விளக்கு, பின் கதவில் மாட்டிய சக்கரம். பங்களா வாசலில் தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப் எப்படி நிற்குமோ அப்படியே நின்றது. நீங்கள் கேட்ட மணல் நிறமும் இருக்கிறது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அரை மணி நேரம் நின்றேன். "டீச்சர், வண்டி வெளிய வந்து ஒன்னய ஏத்திக்கிட்டுப் போகாது, உள்ள போ" என்று கிருஷாந்தி முதுகில் கைவைத்துத் தள்ளினாள். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்து, எந்த இடத்தைத் தேடுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வழி தவறி வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். அண்ணன் கத்தாரில் இருக்கிறார், அவருக்குத்தான் வண்டி என்று கிருஷாந்தி சொன்னதும் நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. நம் மலைத் தேயிலைதான், நூல் கட்டிய பையில்.

உங்கள் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். ஆற்றுத் தண்ணீரில் இறங்கும், சேற்றில் நான்கு சக்கரமும் இழுக்கும், செங்குத்தில் பின்னால் வழுக்காது. விலைத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. கடைசிக் கேள்வி, பின் சீட்டில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்க முடியுமா என்பது. அவர் சிரித்துவிட்டு, "கேம்பிங் போவீங்களா மிஸ்?" என்றார். சீட்டுகளை மடக்கிக் காட்டி, மேலே கண்ணாடி இருக்கிறது, படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம் என்றார். நான் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். ஐந்து அடி ஒரு அங்குலத்துக்கு மேலும் இடம் இருக்கிறது. யாருடைய உயரம் என்று கேட்டார். கிருஷாந்தி என்னைப் பார்த்தாள். நான் டேப்பைச் சுருட்டினேன்.

அம்மா கால் மடக்காமல் படுக்கலாம், அண்ணா. அதுதானே நீங்கள் கேட்டது.

அம்மா இறந்த அன்று நீங்கள் ஃபோனில் சொன்னதை நான் மறக்கவில்லை. "எந்த வண்டிய அந்தத் துரை தர மாட்டேன்னானோ, அதே வண்டியிலதான் நான் லயத்துக்கு வருவேன். அதுவரைக்கும் வர மாட்டேன்" என்றீர்கள். மூன்று வருடம் தாண்டிவிட்டது, நீங்கள் வரவில்லை. இப்போது அந்த வண்டிக்காக இன்னும் மூன்று வருடம் எழுதிக்கொடுக்கப் போகிறீர்கள். அதற்கு முன் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

துரை தர மாட்டேன் என்று சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப் போனவள் நான்.

அன்றைக்கு நம் காம்பரா அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் நெருக்கடியில் பல்கலைக்கழகத்தை மூடியிருந்த மாதம் அது. அம்மா கொழுந்து பறித்த ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்து கொட்டிவிட்டது என்று நாகலெட்சுமி அக்கா கத்திக்கொண்டு வந்தார். பின்னால் நான்கு பேர் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். முகம் வீங்கி, இரண்டு கண்ணும் மூடி, மூச்சு விசில் மாதிரி வந்தது. தோட்டத்து லொறி டீசல் இல்லாமல் ஃபேக்டரியில் நின்றது. ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பெட்ரோல் வரிசையில். ஓடக்கூடிய ஒரே வண்டி துரையின் ஜீப்தான். "நீதாம்மா இங்கிலீசு படிச்ச புள்ள, பங்களாவுக்கு ஓடு. எங்க பேச்சு அங்க எடுபடாது" என்று அக்கா என்னைப் பிடித்துத் தள்ளினார்.

ஓடினேன். பங்களா கேட் திறந்துதான் இருந்தது. ஜீப் வாசலில் நின்றது. துரை வெராந்தாவில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். என் காலில் செருப்பு இல்லை, முழங்கால் வரை சேறு. அந்த முன்வாசல் வழியாக நம் ஆட்கள் யாரும் போய் நான் பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்தப் புல்லை வெட்டிய அப்பாவும் பின்பக்கமாகத்தான் போய் வந்தார். நமக்கு வண்டி வேண்டுமானால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. டிஸ்பென்சரியில் துண்டுச் சீட்டு எழுதி வாங்க வேண்டும், அதை மலையில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் காட்ட வேண்டும், அவர் ஆபீசுக்குச் சொன்னால் லொறி வரும். பிறந்ததிலிருந்து பார்த்த வழி அது.

என்ன சொல்லித் தொடங்குவது என்று மனதுக்குள் அமைத்துப் பார்த்தேன். அழித்தேன், மறுபடி அமைத்தேன். அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது நான் கேட்டுக்கு வெளியே நின்று முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். துரை தலையை நிமிர்த்துவார் போல இருந்தது. நான் சட்டென்று திரும்பி, துண்டு வாங்க டிஸ்பென்சரிக்கு ஓடிவிட்டேன்.

அது பூட்டியிருந்தது. மருந்துக்காரரும் பெட்ரோல் வரிசைக்குப் போயிருந்தார். கணக்கப்பிள்ளையைத் தேடி மலைக்குப் போனேன். துண்டு இல்லாமல் சொல்ல முடியாது, சொன்னாலும் லொறி ஓடாது என்றார். நான் லயத்துக்குத் திரும்பியபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. என்னம்மா ஆச்சு என்று எல்லாரும் கேட்டார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். துரை தரவில்லை என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அம்மாவைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடந்தார்கள். மாரியம்மன் கோயில் வளைவில் அந்த விசில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே லயத்துப் பாதை குறுகல், ஜீப் வந்திருந்தால் அந்த இடத்தில்தான் வந்து நின்றிருக்கும்.

சாயந்தரம் துரை அந்த வளைவு வரை ஜீப்பில் வந்தார். இறங்காமலே அப்பாவைக் கூப்பிட்டு, "ஏன் இராமையா, ஒரு ஆளும் எனக்கு வந்து சொல்லலை?" என்று கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "பழக்கமில்லைங்க தொரை" என்றார். நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் அழைப்பு வந்தது. பங்களாவுக்கு யார் போனது என்று கேட்டீர்கள். அப்பா, "நாந்தான் போனேன். குடுக்க முடியாதுன்னுட்டாரு" என்றார். அப்பா எனக்குத் தெரிந்து சொன்ன ஒரே பொய் அது. உண்மையை அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் கேட்டேன். "அவன் ஒன்னய வெறுத்துட்டா, நான் போனப்புறம் ஒனக்கு யாரு இருக்கா" என்றார். நானும் அதற்குப் பயந்துதான் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை.

கேட்டிருந்தால் அவர் தந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து யோசிக்கிறேன், தெரியவில்லை. அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. இறங்காமல் பேசியவர்தான். நம்மைத் துண்டுக்கு அலைய வைத்த முறையும் அவர்கள் வைத்ததுதான். ஆனால் அவர் சொல்லாத ஒரு சொல்லுக்காக நீங்கள் ஆறு வருடத்தை அந்த வெயிலில் கழிக்க வேண்டாம். போன வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நீங்கள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் பார்க்க அவர் இங்கே இல்லை.

கொழும்பிலிருந்து வந்ததும் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஃபோனைக் குப்புற வைத்தார். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வளைவுக்குக் கீழே இருக்கும் சின்னப் பாலத்தில் உட்கார்ந்திருந்தார். கையில் மண்வெட்டிப் பிடி. பாலத்தின் அகலத்தை அதால் அளந்திருக்கிறார். வண்டி எவ்வளவு அகலம் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். வெகுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, "பழசே பாலம் தாண்டாது, இது அதவிட அகலம். வளைவு வரைக்கும்தான் வரும். லயத்துக்கு வராதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார். பிறகு, "அளந்துதான் பாத்தேன்னும் சொல்லு" என்றார். வீட்டுக்கு வர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வழக்கமாகப் பத்து நிமிடம்.

ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைத் தூக்குகிறார். யார் வருவதாக நினைக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

அண்ணா, இதைப் படித்த பிறகு என்னோடு பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தங்கச்சி என்று இனிக் கூப்பிட வேண்டாம் என்று தோன்றினால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கையெழுத்து வைக்காதீர்கள். இருக்கிற ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுங்கள். முடிந்தால் அதற்கு முன்பே. துரையிடம் கேட்காமல் விட்டதைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன். முதல் வாக்கியத்தைத் தேடாமல் நேராகவே கேட்கிறேன்: அப்பா இருக்கும்போதே வாருங்கள்.

ஹட்டனிலிருந்து மூன்றரை மணி பஸ் இப்போதும் வருகிறது. கோயில் வளைவில் நான் நிற்பேன். லயம் வரை பத்து நிமிட நடை, என்னைத் திட்டிக்கொண்டே வரலாம். பத்து நிமிடம் போதாது என்றால் அந்தச் சின்னப் பாலத்தில் நின்று, சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு உள்ளே போவோம். அப்பாவுக்கு மட்டும் கேட்க வேண்டாம்.

மாரியம்மன் உங்களை நோய் நொடி இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை
லோஜினி