பெஞ்சைத் தூக்கும் பிள்ளைகள்

நாரணாபுரம்,
4.7.2025

அன்புள்ள அருணா,

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. தினமும் என் வகுப்புச் சுவரிலேயே உன்னைப் பார்க்கிறேன். போனில் பேசினால் சண்டை வந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

ஸ்மார்ட் போர்டு வந்ததும் எங்கள் தலைமையாசிரியர் முதலில் போட்டது நீ நடத்திய அறிவியல் வீடியோவைத்தான். அரக்குச் சேலையில் நீ வந்து நின்றதும் ஏழாம் வகுப்பே கைதட்டுகிறது. எனக்கு இதுவரை ஒருத்தரும் தட்டியதில்லை. நேற்று நானே நடத்தலாமென்று சாக்பீஸை எடுத்தால் பாண்டிச்செல்வி எழுந்து, "அந்த டீச்சரையே போடுங்க டீச்சர், அவுக சொன்னா வெளங்குது" என்கிறாள்.

பி.எட். படித்தபோது உன் பாடத் திட்டத்தையெல்லாம் திருத்திக் கொடுத்தவள் நான். இப்போது ரிமோட்டை அழுத்துகிறேன். வயிறெரிகிறதடி, மறைத்து என்ன ஆகப்போகிறது?

உன்
செல்வலட்சுமி

காரியாபட்டி,
11.7.2025

அன்புள்ள செல்வி,

வயிறெரிந்தால் மோர் குடி. மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்க வீடியோவில் பாடம் நடத்த என்னைத் தேர்ந்தெடுத்தார்கள், நான் என்ன செய்ய?

அடுத்து உராய்வுப் பாடம் வருகிறது. நான் நடத்தியதிலேயே அதுதான் உசத்தி. பிள்ளைகளையே செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீ சிரமப்படாதே, போட்டுவிட்டு உட்கார்.

அன்புடன்,
அருணாதேவி

நாரணாபுரம்,
21.7.2025

அருணா,

போட்டுவிட்டு உட்கார்ந்தேன். "எழுந்து உங்கள் பெஞ்சைத் தரையில் இழுத்துப் பாருங்கள்" என்றாய். ஒரு பிள்ளையும் அசையவில்லை. நீயோ கொஞ்சம் பொறுத்து, "சபாஷ், நன்றாக இழுத்தீர்கள்" என்று சிரித்தாய்.

எங்கள் பிள்ளைகள் பெஞ்சை இழுக்க மாட்டார்கள், நாலு பேர் கூடித் தூக்கித்தான் நகர்த்துவார்கள். இவர்களின் அப்பா அம்மா வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துப் பெட்டியை இழுத்தால் உரசும், உரசினால் தீ. அதனால் வீட்டிலும் எதையும் இழுக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் வளர்க்கிறார்கள்.

பாண்டிச்செல்வி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வீடியோவை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"எங்கம்மா கை அப்படித்தான் வெந்துச்சு டீச்சர். அவுக இழுக்கல. பக்கத்துல இருந்தவுக இழுத்தாக."

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எது எதோடு உரசக்கூடாது, ஏன் கூடாது என்று அவர்களே சொன்னார்கள்; நான் கேள்வி மட்டும் கேட்டேன். 'உராய்வு' என்ற சொல்லைக் கடைசியில்தான் எழுதினேன். அதுவரை நீ சுவரில் வாயைத் திறந்தபடி நின்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா?

செல்வலட்சுமி

காரியாபட்டி,
2.8.2025

அன்புள்ள செல்வி,

முதலில் உன்மேல் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் வெட்கம். பதிவு செய்யும் அறையில் என் எதிரே ஒரு கேமராவும் ஏ.சி.யும்தான். அந்த 'சபாஷ்' கேமராவுக்குச் சொன்னது.

இந்த வீடியோ வேலைக்கு வந்ததிலிருந்து எனக்கு வகுப்பே இல்லை. ஒரு பிள்ளை என்னிடம் கேள்வி கேட்டு எவ்வளவு நாளாயிற்று! உனக்கு என்மேல் பொறாமை என்றால், பாண்டிச்செல்வி உன்னிடம் வாய் திறந்ததை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்கப்போகிறேன். அவள் சொன்னதை அதில் சேர்க்க மாட்டேன். அது உன் வகுப்போடு இருக்கட்டும்.

அருணா

நாரணாபுரம்,
12.9.2025

அன்புள்ள அருணா,

புது வீடியோ நேற்று வந்தது. பெஞ்சைக் காட்டினாய். "இதை இழுக்கலாமா, தூக்கலாமா? இத்தோடு என்னை நிறுத்திவிட்டு உங்கள் டீச்சரோடு பேசுங்கள்" என்றாய். அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் ரிமோட்டைப் பிடித்தபடியே நின்றேன். பாண்டிச்செல்விதான் எழுந்து வந்து, என் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி உன்னை நிறுத்தினாள்.

ஒரு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போ. கடைசிப் பெஞ்சில் இடம் போடுகிறேன். பிள்ளைகள் உன்னைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்கள்.

பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வராதே. பையில் வைத்து எனக்குக் கொண்டு வா.

உன்
செல்வி